இந்தக் கோப்பை எந்தச் செயலி திறப்பது? – லினக்ஸ் கணினியில் ஒரு சிறு வரலாறு



லினக்ஸ் கணினியில் ஒரு படத்தை இரண்டு முறை சொடுக்குறீங்க. படம் பார்க்கும் சின்னச் செயலி வரும் என்று காத்திருந்தால், படம் வரையும் பெரிய செயலி ஆடி அசைந்து வந்து நிற்கிறது. நேற்று வரை சரியாகத்தானே இருந்தது, யார் மாற்றினார்கள்? இதற்கு விடை தேடினால் ஐம்பது ஆண்டு வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கும்.

பெயரா, உள்ளடக்கமா?

கணினிக்கு எல்லாக் கோப்பும் எண்களின் வரிசைதான். பாட்டா, படமா, கட்டுரையா என்று அதற்குத் தானாகத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் பிறந்தன.

முதல் வழி, பெயரின் வாலைப் பார்ப்பது. 1970களில் வந்த சிபி/எம் இயங்குதளம் கோப்பின் பெயருக்கு 8 எழுத்தும், புள்ளிக்குப் பிறகு வகையைக் காட்ட 3 எழுத்தும் ஒதுக்கியது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் அதையே பின்பற்றியது. விண்டோஸ் வழியாக அந்தப் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது வழி, உள்ளே எட்டிப் பார்ப்பது. 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே ‘ஃபைல்’ என்ற கட்டளை இருந்தது. கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்து, அது என்ன வகை என்று இந்தக் கட்டளை சொல்லும். பல கோப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை ‘மேஜிக் எண்’ என்கிறோம். ஜிப் கோப்பு ‘பி, கே’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அவை அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள்.

1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வேறு பாதையில் போனது. ஒவ்வொரு கோப்போடும் அதன் வகையை 4 எழுத்திலும், அதை உருவாக்கிய செயலியை 4 எழுத்திலும் சேர்த்து வைத்தது. ஆக, யார் உருவாக்கினாரோ அவரே திறப்பார்.

மின்னஞ்சல் தந்த பொதுப்பெயர்

அந்தக் காலத்து மின்னஞ்சலில் ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறெதையும் ஒழுங்காக அனுப்ப முடியாது. படமும் போகாது, தமிழும் போகாது. நெதானியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் இருவரும் இதற்குத் தீர்வாக ‘மைம்’ என்ற நெறிமுறையை எழுதினார்கள். 1992 ஜூனில் அது வெளியானது. எந்தக் கோப்புக்கும் ‘உரை/சாதாரணம்’, ‘படம்/ஜேபெக்’ என்பது போல இரண்டு பகுதிப் பெயர் கொடுப்பது அதன் முக்கிய யோசனை. அதே 1992இல் ‘மெயில்கேப்’ வந்தது. இந்த வகை வந்தால் இந்தச் செயலியை அழை என்று ஒரு வரியில் எழுதி வைக்கும் பட்டியல் அது. இன்றைய டிஃபால்ட் செயலிப் பட்டியலுக்கு இதை முன்னோடி எனலாம்.

இரண்டு வீடு, ஒரே பட்டியல்

1996இல் கேடிஈ, 1997இல் க்னோம் என்று லினக்ஸுக்கு இரண்டு மேசைத்தளங்கள் தொடங்கப்பட்டன. ஆளுக்கொரு பட்டியல். ஒன்றில் நீங்கள் தேர்ந்தெடுத்தது மற்றொன்றுக்குத் தெரியாது. 2000இல் ஹாவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவியது. இரு தரப்பும் பொது விதிகளுக்கு ஒத்துக்கொண்டன. வால் எழுத்து, மேஜிக் எண் இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்தார்கள்.

ஏன் இரண்டும் வேண்டும்? வேர்டின் ‘டாக்எக்ஸ்’ கோப்பும், லிபர்ஆபிஸின் ‘ஓடிடி’ கோப்பும் உள்ளே ஜிப் கோப்புகள்தான். ‘பி, கே’யை மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். பெயரை மட்டும் நம்பினால், பெயரை மாற்றி யாரும் ஏமாற்றலாம். வரலாற்றுப் பாடத்திலும் ஒரே சான்றை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றுதானே படிக்கிறோம்!

யார் சொல் செல்லும்?

உங்கள் தேர்வு ‘மைம்ஆப்ஸ் லிஸ்ட்’ என்ற சாதாரண உரைக்கோப்பில் பதிவாகிறது. கணினி முதலில் உங்கள் பட்டியலைப் பார்க்கும். அதில் இல்லையென்றால் நிர்வாகியின் பட்டியல், அதன் பிறகு லினக்ஸ் வெளியீட்டோடு வந்த பட்டியல். எதிலுமே இல்லையென்றால், “இந்த வகையை நான் திறப்பேன்” என்று அறிவித்திருக்கும் செயலிகளில் ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்கும். புதுச் செயலி ஒன்றை நிறுவியதும் படம் வேறு இடத்தில் திறந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நீங்கள் சொல்லாமல் விட்டதால், கணினி தானாக முடிவெடுத்தது.

மாற்றுவது எளிது. கோப்பை வலப்பக்கம் சொடுக்கி, எந்தச் செயலியால் திறப்பது என்ற பகுதிக்குப் போய், வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, இந்த வகைக்கு எப்போதும் இதுவே என்று குறித்துவிடுங்க. கேடிஈயில் செய்தாலும் க்னோமில் செய்தாலும் பட்டியல் ஒன்றுதான்.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரு படக்கோப்பைப் படியெடுத்து, படியின் பெயரிலிருந்து புள்ளியையும் வாலையும் நீக்குங்க. பிறகு லினக்ஸில் சொடுக்குங்க. படம் திறந்தால், எந்தச் சான்றை வைத்துக் கணினி கண்டுபிடித்தது என்று மாணவர்களைக் கேளுங்க. 1973, 1992, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளையும் காரணம், விளைவு என்று இணைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லுங்க. ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட அது நன்றாக மனத்தில் நிற்கும். பட்டியலில் முதல் இடம் பயனருக்கே என்பதையும் மறக்காமல் சொல்லிக்கொடுங்க. அந்த இடத்தை நிரப்புவது நம் கையில்தான் இருக்கிறது.