ஒரு பூஞ்சை, நான்கு பெயர்கள்

கிரிக்கெட் மட்டை வில்லோ மரத்தில் செய்யப்படுகிறது என்பது பலருக்கும் தெரியும். பின்னால் நிற்கும் மூன்று ஸ்டம்ப்? அது பெரும்பாலும் ஆஷ் என்கிற மரம். கோடாரிப் பிடி, மண்வெட்டிப் பிடி, அயர்லாந்துக்காரர்கள் உயிராய் நினைக்கும் ஹர்லிங் விளையாட்டின் மட்டை... இதெல்லாமும் ஆஷ்தான். எவ்வளவு அடி வாங்கினாலும் லேசில் முறியாத மரம். தாவரவியல் கணக்குப்படி அது நம்ம ஊர் மல்லிகையின் குடும்பம் என்றால் ஆச்சரியமாக இருக்கும்!

இந்த மரத்தை ஐரோப்பா முழுக்கச் சாகடித்துக்கொண்டிருப்பது ஒரு பூஞ்சை. 2006-ல் அதற்கு முதல் பெயர் வைத்தார்கள். சரியான பெயர் நிலைக்க 2014 ஆனது. பெயர்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நடுவில் வந்த ஒரு தப்பான அடையாளத்தால் ஒரு நாடு தன் வாசல் கதவை மூன்று வருடம் திறந்தே போட்டிருந்தது. அந்தக் கதைதான் இது.

பூஞ்சைக்கு ஏன் இரண்டு பெயர்?

பெர்சூன், ஃப்ரீஸ் போன்ற பழைய அறிஞர்கள் பூஞ்சைகளை வகைப்படுத்தியது கண்ணால் பார்த்துத்தான். குடை மாதிரி இருக்கிறதா, கிண்ணம் மாதிரி இருக்கிறதா, என்ன நிறம், எதன் மேல் முளைக்கிறது... இப்படி.

இதில் ஒரு சிக்கல். பல பூஞ்சைகள் இரண்டு விதமாக இனம் பெருக்கும். ஒன்று பாலினப் பெருக்கம், இன்னொன்று அது இல்லாமல். இரண்டு நிலையிலும் தோற்றம் வேறு வேறு. ஒரே ஆள் பகலில் ஒரு வேடம், ராத்திரியில் ஒரு வேடம் போட்டது போல! இந்த இரட்டை வேடத்தை 1860-களில் பிரான்சின் துலான் சகோதரர்கள் விளக்கமாக எழுதினார்கள். அதற்குள் பலதுக்கும் இரண்டு பெயர் விழுந்துவிட்டது. 1910-ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய தாவரவியல் மாநாடு, சரி, இரண்டு பெயரும் இருக்கட்டும் என்று விதியிலேயே இடம் கொடுத்துவிட்டது. அந்த ஏற்பாடு சுமார் நூறு வருடம் நீடித்தது.

முதல் பெயர்: சலாரா ஃப்ராக்சினியா

1992 வாக்கில் போலந்தில் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. இலை வாடும், கிளை பட்டுப்போகும், பட்டையில் கறுப்பாகப் புண் மாதிரி விழும். பனியா, வறட்சியா, பூச்சியா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதற்குள் நோய் பக்கத்து நாடுகளுக்கும் பரவிவிட்டது.

2006-ல் போலந்து விஞ்ஞானி ததேயுஸ் கோவால்ஸ்கி நோயுற்ற கிளைகளிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதுவரை யாரும் பதிவு செய்யாதது. "சலாரா ஃப்ராக்சினியா" என்று பெயர் வைத்தார். ஃப்ராக்சினஸ் என்பது ஆஷ் மரத்தின் லத்தீன் பெயர். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரு வேடம் மட்டும்தான். பாலின நிலை எங்கே, எப்படி இருக்கும் என்பது அப்போது தெரியாது.

இரண்டாவது பெயர்: ஆள் மாறாட்டம்

2009-ல் கோவால்ஸ்கியும் சுவிட்சர்லாந்தின் ஓட்மார் ஹோல்டன்ரீடரும் விடை சொன்னார்கள். முந்தைய வருடம் உதிர்ந்து மண்ணில் கிடக்கும் ஆஷ் இலைக்காம்புகளில், கோடைக்காலத்தில் சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளைக் கிண்ணங்கள் முளைக்கும். அதுதான் இதன் இன்னொரு வேடம் என்றார்கள். அந்தக் கிண்ணம் புதிதல்ல. "ஹைமனோசைஃபஸ் ஆல்பிடஸ்" என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த உள்ளூர்ப் பூஞ்சை. உதிர்ந்த காம்பை மக்கவைப்பதுதான் அதன் வேலை. உயிருள்ள மரத்தைத் தொட்டதாக ஒரு புகாரும் கிடையாது.

அப்படிப்பட்ட சாது திடீரென்று கொலைகாரன் ஆனது எப்படி? கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் கிண்ணத்தின் தோற்றம் பொருந்தியது. அதனால் பெயரும் பொருந்தியது.

கதவு ஏன் மூடவில்லை?

இதே 2009-ல் பிரிட்டனின் நாற்றுப்பண்ணைத் தொழில் அமைப்பான ஹார்ட்டிகல்ச்சுரல் டிரேட்ஸ் அசோசியேஷன், ஐரோப்பாவிலிருந்து ஆஷ் கன்றுகளை இறக்குமதி செய்வதைத் தடை செய்யுங்கள் என்று அரசிடம் கேட்டது. வியாபாரிகளே வியாபாரத்துக்குத் தடை கேட்பது அபூர்வம்!

அரசுத் தரப்பு மறுத்தது. இறக்குமதித் தடை என்பது நாட்டில் இல்லாத ஒரு கிருமி உள்ளே வராமல் தடுப்பதற்கு. ஆல்பிடஸோ பிரிட்டனில் ஏற்கெனவே பரவலாக இருக்கும் பூஞ்சை. வீட்டுக்குள் இருப்பவனைத் தடுக்க வாசலில் காவல் எதற்கு? அந்தப் பெயரை நம்பினால் இந்த வாதத்தில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. தப்பு பெயரில் இருந்தது.

மூன்றாவது பெயர்: போலி ஆல்பிடஸ்

2011-ல் வாலண்டின் கெலோஸ் உள்ளிட்ட சுவிஸ் ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரை முடிச்சை அவிழ்த்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கிண்ணங்களில் இரண்டு இனங்கள் ஒளிந்திருந்தன. மரத்தைக் கொல்வது ஆல்பிடஸ் அல்ல, அதே ஜாடையில் இருக்கும் வேறொன்று. அதற்கு "ஹைமனோசைஃபஸ் சூடோஆல்பிடஸ்", அதாவது போலி ஆல்பிடஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்து, அதன் சொந்த ஊரும் தெரிந்தது. ஜப்பானில் 1993-லேயே மஞ்சூரியன் ஆஷ் இலைக்காம்புகளில் வேறொரு பெயரில் பதிவான பூஞ்சையும் இதுவும் ஒன்றுதான் என்று 2012-ல் தெரியவந்தது. கிழக்கு ஆசியாவில் அது பெரிய தொந்தரவு தராமல் ஆஷ் மரங்களோடு வாழ்கிறது. ஐரோப்பிய மரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அறிவியல் திருத்திக்கொண்டது. அரசின் முடிவு அந்த வேகத்தில் மாறவில்லை. 2012 பிப்ரவரியில், நெதர்லாந்திலிருந்து வந்த கன்றுகளில் நோய் இருப்பதை பக்கிங்ஹாம்ஷயர் நாற்றுப்பண்ணை ஒன்றில் கண்டுபிடித்தார்கள். இலையுதிர் காலத்தில் கிழக்கு இங்கிலாந்தின் காடுகளிலும் தென்பட்டது. இறக்குமதித் தடை வந்தது 2012 அக்டோபர் 29 அன்று.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2009-லேயே தடை போட்டிருந்தால் பிரிட்டன் தப்பித்திருக்குமா? முழுதாகத் தப்பித்திருக்காது. இந்தப் பூஞ்சையின் நுண்வித்துகள் காற்றில் கடலைத் தாண்டி வரக்கூடியவை. ஆனால் காற்று கிழக்குக் கரையில் கொண்டுவந்து போடும். லாரியில் வரும் கன்று எந்த ஊருக்கும் போகும். அந்த வித்தியாசம் பெரியது.

நான்காவது பெயர்

2011 ஜூலையில் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சைக்கு இனி ஒரே பெயர் என்று பழைய ஏற்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்படியானால் முதலில் வந்த இனப்பெயருக்குத்தான் உரிமை. ஃப்ராக்சினியா 2006, சூடோஆல்பிடஸ் 2011. ஆகவே 2014-ல் "ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ்" என்ற பெயர் நிலைத்தது. கோவால்ஸ்கி முதலில் வைத்த பெயரின் பாதி திரும்பி வந்துவிட்டது!

அதே வருடம் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஃப்ராக்சினியஸின் வித்துப்பை அடியில் சின்னதாக ஒரு கொக்கி உண்டு. ஆல்பிடஸில் அது கிடையாது. இவ்வளவு பெரிய குழப்பத்துக்கும் அடையாளம் அந்தக் கொக்கிதான்.

மிச்சக் கணக்கு

ஐரோப்பாவில் பரவியிருக்கும் இந்தப் பூஞ்சைக் கூட்டம் முழுவதும் இரண்டே இரண்டு தனிப் பூஞ்சைகளின் வழிவந்தது என்று 2018-ல் மரபணு ஆய்வு சொன்னது. நுழைந்தது இரண்டுதான். பிரிட்டனுக்கு மட்டும் இதனால் நூறு வருடத்தில் ஆகக்கூடிய செலவும் இழப்பும் சுமார் 1,500 கோடி பவுண்டு என்று 2019-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விழும் நிலையிலுள்ள சாலையோர மரங்களை வெட்டும் கூலியும் அதில் அடக்கம். ஆறுதலுக்கு, நோயைத் தாங்கும் மரங்கள் நூற்றுக்குச் சிலவாவது இருக்கின்றன. அவற்றிலிருந்து புது ஆஷ் தலைமுறையை உருவாக்கும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது.

பழி சுமந்த ஆல்பிடஸ் என்ன ஆனது? ஆல்பிடஸும் புதியதும் வளர்வது ஒரே இலைக்காம்பில். டென்மார்க்கில் ஆல்பிடஸ் முன்பு இருந்த இடங்களில் 2010 வாக்கில் தேடிப் பார்த்தபோது, கிடைத்ததெல்லாம் புதிய பூஞ்சைதான். குற்றவாளி என்று எழுதப்பட்டதே அங்கே முதலில் காணாமல் போயிருந்தது. இரண்டும் வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், அது போனதுகூட ஒருவருக்கும் தெரிந்திருக்காது.