உறங்குமுன் அணைக்கும் விளக்கு: தீயணைப்பின் வரலாறும் நம் அமானத்தும்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களும் அத்தீயில் சிக்கினர். செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்குமுன் அதை அணைத்துவிடுமாறு பணித்தார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்நிகழ்வு புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. மற்றோர் அறிவிப்பு காரணத்தையும் கூறுகிறது: சிறியதோர் எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும்.

தீயணைப்பின் வரலாறு என்றதும் சிவப்பு வண்டியும் நீர்க்குழாயும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த நபிமொழி கற்பிக்கும் தீயணைப்போ, தீ தோன்றுமுன்பே தொடங்கிவிடுகிறது. எரிந்தது ஒரு வீடு. நெறி பிறந்ததோ எல்லா வீடுகளுக்கும். பின்வந்த தலைமுறைகள் இதே பாடத்தை எத்துணை விலை கொடுத்துக் கற்றன என்பதை வரலாறு காட்டுகிறது.

கூஃபா நகரம் முதலில் நாணற் குடிசைகளாலேயே அமைந்திருந்தது. அங்கே பெருந்தீ மூண்டபின், செங்கல்லால் கட்டிக்கொள்ளக் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் அனுமதி வேண்டப்பட்டது. வீடுகளில் ஆடம்பரம் கூடாதென்ற கட்டுப்பாட்டோடு அவர்கள் அனுமதித்ததாகத் தபரீயின் வரலாறு குறிப்பிடுகிறது. ஹிஜ்ரி 654ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1256இல், மஸ்ஜிதுந் நபவியே தீக்கிரையானது. பொருளறைக்கு எடுத்துச் செல்லப்பட்ட ஒரு விளக்குதான் காரணம். விளக்கைப் பற்றிய எச்சரிக்கை முதன்முதல் ஒலித்த நகரிலேயே ஒரு கண மறதி அவ்வளவு பெரிய இழப்பைத் தந்தது.

மரவீடுகள் நெருங்கிய இஸ்தான்பூலில் 1720ஆம் ஆண்டளவில் தனித் தீயணைப்புப் படை உருவாயிற்று. அதை அமைத்தவர் இஸ்லாத்தைத் தழுவிய பிரெஞ்சுக்காரரான தாவூத். கையால் இயக்கும் நீரேற்றுப் பொறியைத் தோளில் சுமந்தபடி குறுகிய தெருக்களில் வீரர்கள் ஓடுவர். பின்னாளில் பாயஸித் கோபுரத்தின் உச்சியில் காவலர்கள் நின்று நகரெங்கும் புகை எழுகிறதா என்று கண்காணித்தனர்.

நம் மாநிலத்தில் இப்பணியின் தொடக்கம் 1908இல் அமைந்த சென்னைத் தீயணைப்புப் படை. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளின் பின்னணியைத் திருப்பூர் மக்கள் அவசியம் அறிய வேண்டும். ஏனெனில் அதில் பஞ்சுக்கும் பங்குண்டு.

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் நின்றிருந்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளோடு, கராச்சியில் ஏற்றிய பல்லாயிரம் பஞ்சுப் பொதிகளும் அதில் இருந்தன. பிற்பகலில் புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தும் தீயின் மூலம் அவர்களுக்குப் புலப்படவில்லை. மாலை நான்கு மணிக்குச் சற்றுப்பின் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் இரண்டாம் வெடிப்பு. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களின் நினைவாகவே அந்த வாரம்.

பஞ்சின் இயல்பு அப்படிப்பட்டது. பொதியின் மேற்புறம் நனைந்தாலும் உட்புறத்தில் கனல் அடங்கிக் கிடக்கும். அணைந்தது என்று எண்ணிச் சென்றால், சில மணிநேரம் கழித்து மீண்டும் மூளும். பொதியைப் பிரித்து நனைத்தாலன்றி அத்தீ முற்றும் அடங்காது. இயந்திரங்களின்மீதும் மின்விளக்குகளின்மீதும் படியும் பஞ்சுத் தூசியோ ஒரு பொறி போதும், கூடம் முழுவதும் பரவிவிடும்.

இத்தகைய பஞ்சோடும் நூலோடும் வாழும் ஊர் திருப்பூர். இங்குப் பின்னலாடைத் தொழிலுக்கு 1925ஆம் ஆண்டளவில் வித்திட்டவர் குலாம் காதர் சாகிபு என்று தொழில் வரலாறு கூறுகிறது. ஆகவே இத்தொழிலின் பெருமையில் நமக்குப் பங்குண்டு, பொறுப்பிலும் உண்டு. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் சந்தையில் தீப்பற்றி, வரிசையாகக் கடைகள் எரிந்தன. பல குடும்பங்களின் உழைப்பு ஓரிரவில் சாம்பலாயிற்று.

பொருள் போனால் மீண்டும் ஈட்டலாம். உயிர் போனால்? 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது நாசவேலை என்று நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. ஆயினும் தீயை வைத்தவர்களின் குற்றத்தைப் பன்மடங்காக்கியவை கம்பியிட்ட சன்னல்களும் பூட்டிய கதவுகளுமே. அத்தொழிற்சாலை சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச் சான்று பெற்றிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா அருகே மற்றோர் ஆடைத் தொழிற்சாலையில் குறைந்தது 112 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் குவிக்கப்பட்டிருந்த நூலும் துணியும் பற்றியெரிய, மாடிப்படிகளே புகைபோக்கிகளாயின. மணி ஒலித்தபோது எழுந்தவர்கள், வேலையைத் தொடருமாறு திருப்பி அனுப்பப்பட்டனர்.

நம் மண்ணிலும் அந்தத் துயரம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த கூரைக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் இறந்தனர். சங்கிலிக்கும் பூட்டிய கதவுக்கும் தீயின்முன் வேறுபாடில்லை.

பாடம் கற்றதற்கும் சான்று உண்டு. 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் கூடாரங்கள் எரிந்து 343 ஹாஜிகள் உயிரிழந்தனர். அதன்பின் சமையல் எரிவாயுவுக்குத் தடை வந்தது. தீப்பற்றாத கூடாரங்கள் நிலையாக எழுந்தன. இன்று ஹஜ் செல்வோர் தங்கும் வெண்கூடாரங்கள் அத்துயரத்திலிருந்து பிறந்தவை.

தீயில் சிக்கி இறக்கும் நம்பிக்கையாளருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்று நபிமொழி ஆறுதல் கூறுகிறது. அந்த ஆறுதல் இழந்தவர்களுக்கு உரியது. கதவைப் பூட்டியவருக்கு அது சாக்காகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு தாய் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அவர் எந்த மதத்தவராயினும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராயினும், அமானத் அமானத்தே.

ஆகவே இன்றிரவு கம்பெனியைப் பூட்டுமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மெயின் சுவிட்ச் அணைந்ததா? அயர்ன் டேபிளில் சூடு தணிந்ததா? கட்டிங் வேஸ்ட் மாடிப்படியை அடைத்துக் கிடக்கிறதா? ஆட்கள் உள்ளே இருக்கும்வரை, இரண்டாவது கதவு சாவியின்றித் திறக்கிறதா? தொழிலாளர் விடுதியிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். தீயெனக் கண்டால் 101 அல்லது 112 என்ற எண்ணை அழைப்பது அங்குள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஜுமுஆவுக்குப்பின் ஒருநாள் தீயணைப்பு வீரர்களை அழைத்துச் செயல்முறை விளக்கம் தரச் செய்வது எந்த ஜமாஅத்துக்கும் இயலாத செயலன்று.

ஓர் உயிரை வாழவைப்பவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்கிறது திருக்குர்ஆன். அந்த நன்மையை ஈட்டத் தீயில் குதிக்க வேண்டும் என்பதில்லை. திறந்திருக்க வேண்டிய கதவைத் திறந்து வைத்தாலும் அது கிட்டும். வல்ல ரஹ்மான் நம் இல்லங்களையும் தொழிற்கூடங்களையும் அவற்றில் உழைப்போரையும் இம்மையின் தீயிலிருந்தும் மறுமையின் தீயிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.