தொட்டியில் ஏஞ்சல் டிரம்பெட்: பள்ளிகொண்டா பகுதியில் கோடையைக் கடத்துவது எப்படி?

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு செல்பவர்கள் சாலையோரத்தில் பார்த்து ஆசைப்படும் செடி ஏஞ்சல் டிரம்பெட். இதன் தாவரவியல் பெயர் புருக்மான்சியா. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி நம் ஊமத்தையின் நெருங்கிய உறவு. ஊமத்தைப் பூ மேல்நோக்கி நிற்கும். காயில் முள் இருக்கும். புருக்மான்சியா பூ ஓர் அடி நீளம் வரை வளர்ந்து கீழ்நோக்கித் தொங்கும். காயில் முள் இருக்காது. மாலையானதும் நல்ல மணம் வீசும்.

இச்செடியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லும் வெளிநாட்டுக் காணொளிகள் ஏராளம். பனி உறையும் நாடுகளுக்கு அது சரி. பள்ளிகொண்டா, குடியாத்தம், ஆம்பூர் பகுதிகளில் மார்கழியும் தையும்தான் இதற்கு ஏற்ற காலம். நம் ஊரில் காப்பாற்ற வேண்டியது பங்குனி முதல் ஆனி வரை. இங்கே இச்செடிக்கு எதிரிகள் இரண்டு: 40 டிகிரியைத் தாண்டும் வெயில், உப்பு நீர்.

வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை

இச்செடியின் இலை, பூ, விதை, வேர், தண்டு அனைத்தும் நஞ்சு. ஸ்கோபொலமைன், அட்ரோபின் போன்ற வேதிப்பொருட்கள் இதில் உள்ளன. தின்றுவிட்டால் வாய் உலர்தல், கண் பாவை விரிதல், படபடப்பு, மனக்குழப்பம், பிதற்றல் ஏற்படும், உயிருக்கும் ஆபத்து. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கை வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

தவழும் குழந்தை உள்ள வீட்டிலும், ஆடு மாடு வந்து மேயும் வாசலிலும் இச்செடி வேண்டாம். ஊமத்தைக்குப் பதிலாக இதை வீட்டு மருந்துக்கோ தைலத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. கவாத்து செய்யும்போது கையுறை அணியுங்கள். சாறு பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். வெட்டிய கிளைகளை எரிக்காமல், கால்நடைக்கு எட்டாதபடி குழி வெட்டிப் புதைத்து விடுங்கள்.

எப்போது, எந்த வகை?

பலர் மே மாதச் சுற்றுலாவின்போது மலையில் செடி வாங்கி வருகிறார்கள். குளிரில் வளர்ந்த செடி நேராக அக்னி நட்சத்திர வெயிலுக்கு வந்தால் பிழைப்பது கடினம். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை தொடங்கிய பின் வாங்குங்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு நிறப் பூக்கள் உள்ள சுவாவியோலன்ஸ் வகை ஓரளவு வெப்பம் தாங்கும். சிவப்பும் மஞ்சளும் கலந்த குறுகிய பூ உடைய சாங்குனியா வகை குளிர்ந்த மலைக்கே உரியது. சமவெளியில் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

தண்டுக் குச்சியிலிருந்தும் எளிதாக வளர்க்கலாம். பென்சில் கனமுள்ள, அரை முற்றிய குச்சியை 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் வெட்டி நிழலில் நட்டால் 3 முதல் 4 வாரங்களில் வேர் விடும். செடி கவட்டையாகப் பிரிந்த பிறகுதான் பூக்கும். கவட்டைக்கு மேலிருந்து எடுத்த குச்சி விரைவில் பூக்கும்.

தொட்டியும் மண் கலவையும்

16 முதல் 18 அங்குல அகலமுள்ள தொட்டி அல்லது வளர்ப்புப் பை போதும். அடியில் வடிகால் துளைகள் அவசியம். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து பயன்படுத்த வேண்டும். இச்செடி கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அவை வளர்ந்த பழைய மண்ணைப் போட்டால் வேர்முடிச்சு நூற்புழு தொற்றும். அவற்றின் அருகிலும் தொட்டியை வைக்காதீர்கள்.

உப்பு நீருக்கு ஒரு கணக்கு

தோல் தொழிற்சாலைக் கழிவால் வேலூர்ப் பகுதியின் நிலமும் நீரும் கெட்டதை உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டியது. எல்லாக் கிணறும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே முதலில் உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதியுங்கள்.

நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் நாளுக்கு 4 லிட்டர் ஊற்றினால் 6 கிராம் உப்பு சேரும். 30 நாளில் 180 கிராம். நீரைச் செடி உறிஞ்சிவிடும். உப்பில் பெரும்பகுதி தொட்டியிலேயே தங்கும். இலை ஓரம் கருகுவதும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிவதும் இதன் அறிகுறிகள். பலர் இதைச் சத்துக் குறைபாடு என்று எண்ணி உரம் போடுகிறார்கள். உரமும் உப்புதான், பாதிப்பு கூடும்.

இதற்கான தீர்வுகள்:

1. மழைநீர் கலந்து ஊற்றுங்கள். கிணற்று நீரும் மழைநீரும் சம அளவில் கலந்தால் உப்பு ஏறக்குறைய பாதியாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை 90 நாட்களுக்கு, நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஒரு செடிக்கு 180 லிட்டர் மழைநீர் தேவை. 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். 100 சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சேதாரம் போக சுமார் 80 லிட்டர் கிடைக்கும். கொசு புகாதபடி டிரம்மை இறுக மூடி வையுங்கள்.

2. ஒவ்வொரு முறையும் அடித் துளை வழியே சிறிது நீர் வடியும்வரை ஊற்றுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

3. ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. சேர்த்து வைத்துப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை ஊற்றவே கூடாது.

4. மியூரேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால், சல்பேட் ஆஃப் பொட்டாஷைத் தேர்ந்தெடுங்கள்.

கோடைப் பராமரிப்பு

மாசிக் கடைசியில், கவட்டைக்கு மேலே உள்ள கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி விடுங்கள். இலை குறைந்தால் நீர் இழப்பும் குறையும். தொட்டியை வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றி, காலை 9 மணி வரை மட்டும் வெயில் படும்படி வையுங்கள். மாடியில்தான் இடம் என்றால் 50 சதவீத நிழல்வலை அமைத்து, தொட்டியைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினால் வேர்ப் பகுதி குளிரும். மண் மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போடுங்கள்.

காலையும் மாலையும் நீர் ஊற்றுங்கள். நண்பகலில் இலை தொங்கினால் பதற வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலையில் தானே நிமிரும். மேலும் ஊற்றினால் வேர் அழுகும். இந்த மூன்று மாதமும் உரம் வேண்டாம். பூவையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வறண்ட வெயிலில் சிவப்புச் சிலந்திப் பேன் தாக்கும். இலையின் அடியில் அதிகாலையில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தொடர்ந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம்.

ஆடிக்குப் பிறகு

மழை தொடங்கியதும் புதுத் துளிர் வரும். தொட்டியை மெல்ல மெல்லக் கூடுதல் வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், 10 நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 கிராம் 19:19:19 உரக் கரைசலும் கொடுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை அலை அலையாகப் பூக்கும்.

பாசன நீரைச் சோதிக்க, அரை லிட்டர் நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து அரசின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். செடி வாங்கும் முன் இதைச் செய்துவிட்டால், அதே நீரில் வளரும் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் அந்த அறிக்கை பயன்படும்.