சிறுநீரில் கிடைத்த துப்பு

சிரிக்காதீர்கள், இந்தக் கதை சிறுநீரில்தான் தொடங்குகிறது. 1916இல் அமெரிக்காவில் மூன்று விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு உள்ளே போகும் நைட்ரேட்டைவிட, சிறுநீரில் வெளியே வருவது அதிகமாக இருந்தது. மிச்சம் எங்கிருந்து வந்தது? பதில் கிடைக்க எழுபது வருடம் ஆனது.

1981இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் டானன்பாமின் குழு அதே கணக்கை மறுபடி எடுத்தது. நைட்ரேட்டால் புற்றுநோய் வருமோ என்பதுதான் அவர்களுடைய கவலை. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளும் நைட்ரேட்டை உண்டாக்கின. ஆக, அது குடல் பாக்டீரியாவின் வேலை இல்லை. பிறகு ஆட்களைச் சோதித்தபோது ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன. வேறொருவராக இருந்தால் அவருடைய எண்களைத் தூக்கிப் போட்டிருப்பார். இவர்கள் பார்த்தார்கள்: அவருடைய நைட்ரேட் மட்டும் மளமளவென்று ஏறியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்படியென்றால் நோயோடு போராடும் ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது. 1985இல் டென்னிஸ் ஸ்டூயரும் மைக்கேல் மார்லெட்டாவும் அதைப் பிடித்தார்கள். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணு! 1987இல் ஜான் ஹிப்ஸ், இந்த அணு புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும் என்று காட்டினார். அதே வருடம் லண்டனில் சல்வடோர் மொன்காடாவின் குழு, இரத்தக் குழாயை விரியச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு வாயு என்று கண்டது. (இலங்கையில் படித்த அப்பா அம்மாவிடம் கேட்டால் 'ஒட்சைட்டு' என்பார்கள்.) அடுத்த வருடமே முடிச்சு அவிழ்ந்தது. மேக்ரோபேஜ் ஆர்ஜினினிலிருந்து செய்வதும் அதே வாயுதான். அது சில நொடிகளே இருக்கும். ஆனால் செல்லின் சுவரைத் தாண்டிப் போய், கிருமியின் நொதிகளில் உள்ள இரும்பைப் பிடித்து அவற்றை முடக்கிவிடும். மிச்சம்தான் நைட்ரேட்டாகிச் சிறுநீரில் வருகிறது.

1998 நோபல் பரிசு இரத்தக் குழாய்ப் பக்கம் வேலை செய்த மூவருக்குப் போனது. மேக்ரோபேஜ் பக்கத்தினர் விடுபட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரத்தத்தில் கிருமி பரவும்போது உடல் இந்த வாயுவை அளவுக்கு மீறிச் செய்கிறது. குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் விழுகிறது, உயிரும் போகலாம். சரி, வாயுவையே நிறுத்திவிட்டால்? அதற்கு ஒரு மருந்து செய்து நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறியது. ஆனால் மருந்து பெற்றவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.