சம்பா கோவிலும் ஒரு பழைய டைரியும்

பேரிகையிலிருந்து பாண்டி போகணும்னா ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம்னு பஸ் மாறி மாறி இடுப்பு கழண்டுடும். இருந்தாலும் போன மாசம் போயிட்டு வந்தேன். எல்லாரும் பீச்சுக்கு ஓட, நான் மட்டும் மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோவில் வாசலில் நின்னுட்டேன். ஊர்க்காரர்களுக்கு அது 'சம்பா கோவில்'. சேசுசபைப் பாதிரிகள் இருந்த செயின்ட் பால் கோவில் என்பதுதான் தமிழ் வாயில் சம்பா ஆகிவிட்டது!

முகப்பை நிதானமாகப் பாருங்கள். கீழ் அடுக்கில் ஜோடி ஜோடியாக டோரிக் தூண்கள், சாதாரணத் தலையோடு. மேல் அடுக்கில் சுருள் தலை வைத்த அயோனிக் தூண்கள். கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலை பிரான்ஸ் வழியாக நம்ம கடற்கரைக்கு வந்த கதை இது. பாரிஸில் உள்ள வால்-தெ-கிராஸ் கோவிலின் சாயல் என்பார்கள். அந்தக் கோவில், பதினாலாம் லூயி பிறந்ததுக்கு நன்றியாக அவன் அம்மா கட்டியது. அதே லூயி கொடுத்த பணத்தில்தான் 1692இல் இங்கே முதல் கோவில் எழுந்தது. எங்க பக்கம் போல் கருங்கல் கிடையாது, செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

முதல் கோவிலுக்கு ஆயுசு ஒரே வருஷம். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து இடித்தார்கள். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. இப்போ நிற்பது நாலாவது.

இங்கேதான் மனசு கொஞ்சம் கனக்கிறது. மூன்றாவது கோவில் இருந்தபோது அதை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோவில் இருந்தது. துய்ப்ளேக்ஸின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நேரத்தில், அந்தச் சிவன் கோவில் இடிக்கப்பட்டதைத் தன் டைரியில் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இவ்வளவு வேண்டப்பட்ட மனுஷராலும் தடுக்க முடியலை.

பதிமூணே வருஷம். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டியைப் பிடித்தார்கள். அதே மாசம்தான் பிள்ளையும் கண்ணை மூடினார். பிறகு ஊரையே தரைமட்டமாக்கினார்கள், சம்பா கோவிலும் போச்சு. ரெண்டு கோவிலையும் இடித்தது பக்தி இல்லை, அதிகாரம் என்றுதான் எனக்குத் தோணுது. கையில் கடப்பாரை இருப்பவன் மாறிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான்.

1770இல் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். நடுவில் 1773இல் போப் சேசுசபையையே கலைத்துவிட்டார். பாரிஸ் மிஷன் பாதிரிகள் வேலையை எடுத்து நடத்தி, 1791இல் கோவில் அர்ச்சிக்கப்பட்டது. வேதபுரீஸ்வரரும் வேறு இடத்தில் கோவில் கட்டிக் குடியேறிவிட்டார். ரெண்டு இடத்திலும் இன்றைக்கும் கூட்டம்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. எங்க தர்மபுரி மறைமாவட்டம் பாண்டி-கடலூர் உயர்மறைமாவட்டத்தோடு சேர்ந்ததுதான்.

அடுத்த முறை பாண்டி போனால் பீச் எங்கேயும் ஓடிடாது. அரைமணி நேரம் சம்பா கோவிலில் உட்காருங்க. அப்படியே நடந்துபோய் வேதபுரீஸ்வரரையும் பார்த்துட்டு வாங்க. ஒண்ணைப் பார்த்துட்டு இன்னொண்ணை விட்டா கதை பாதிதான் :-)