திருச்சாரணத்து மலையும் அதன் சுனையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிதறால் ஊரை ஒட்டி எழும் குன்று, கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை எனக் குறிக்கப்படுகிறது. வானில் செல்லும் ஆற்றல் பெற்றவர்களாகக் கருதப்பட்ட சமண முனிவர்களைச் சாரணர் என வழங்கினர்; அவர்கள் தங்கிய இடமென்ற நினைவே மலைக்குப் பெயராயிற்று. இங்கே பாறையும் அதன் அருகில் தேங்கிய நீரும் பிரிக்க இயலாதவை. வருவோர் கண்ணும் எழுதுவோர் கருத்தும் சிற்பங்களிலேயே நின்றுவிட, சுனை வெறும் காட்சிப் பின்னணியாகச் சுருங்கிவிட்டது.

பெரும்பாறை ஒன்று மற்றொன்றின்மேல் கவிந்து நிற்பதால் அமைந்த இயற்கைக் குகைத்தளமே இங்குள்ள பள்ளி. பள்ளி என்பது சமணத் துறவியர் உறையும், கற்பிக்கும் இடம். வெளிப்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பலர் முக்குடையின்கீழ்த் தாமரை இருக்கையில் அமர்ந்திருக்க, பார்சுவநாதர் மட்டும் தலைக்குமேல் பாம்பு படம் விரிக்க நிற்கிறார். அம்பிகை இயக்கி தன் சிங்கத்தோடும் குழந்தைகளோடும் காட்சி தருகிறாள். சில உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் இன்னார் எனச் சொல்லும் சிறு வாசகங்கள், அக்காலத்தில் தென்பகுதியில் வழங்கிய வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் காணப்படும் அச்சணந்தி என்னும் பெயர் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் காணப்படுவதால், இம்மலை ஒதுங்கிக் கிடந்த மூலையாக இல்லாமல் பாண்டிநாட்டுச் சமணப் பள்ளிகளோடு தொடர்புடைய கல்வி நிலையமாக இருந்தது தெளிவாகிறது.

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இன்னும் நெருக்கமான செய்தியைத் தருகிறது. அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கி குரத்திகள் என்பவர் திருச்சாரணத்துமலைப் படாரியாருக்குப் பொன்னணிகள் அளித்தார் என்பது அதன் கருத்து. குரத்தி என்பது சமணப் பெண் ஆசிரியரைக் குறிக்கும்; படாரி இங்கே வழிபடப்பட்ட பெண் தெய்வம். ஆசிரியரின் மாணாக்கியாகவும் தானே ஆசிரியராகவும் கொடையாளராகவும் ஒரு பெண் கல்லில் நிற்பது, இம்மலையின் பெருமைகளுள் முதலில் வைத்துப் பேசத்தக்கது. கழுகுமலைக் கல்வெட்டிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் குறிக்கப்படுவதால், இங்கிருந்த பெண் துறவியரின் பெயர் ஆய்நாட்டுக்கு வெளியிலும் அறியப்பட்டிருந்தது.

இத்தகைய பள்ளி மலைமேல் நிலைத்திருக்க நீர் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இப்பகுதியில், நீரை உட்கொள்ளாத கடும்பாறையின் பள்ளத்தில் மழைநீர் தேங்கிச் சுனையாகிறது. மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரைந்து இடிந்து விழுந்ததால் நிலத்தடி நீர் வெளித்தெரியும் ஆழ்ந்த கிணறுகள் உண்டாயின. செனோட்டே எனப்படும் அவற்றை ஒட்டியே மாயர்களின் நகரங்கள் எழுந்தன. சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றில் பொன்னும் பச்சைக்கல்லும் மட்டுமன்றி மனித உயிர்களும் மழைத்தெய்வத்துக்குக் காணிக்கையாக்கப்பட்டதை, அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்களும் எலும்புகளும் காட்டுகின்றன.

சிதறாலில் நீரைப் பற்றிய எண்ணமே வேறு. நீருக்குள் மட்டுமன்றி நீருக்கே உயிர் உண்டு என்பது சமணக் கொள்கை. எனவே குடிக்கும் நீரை வடிகட்டுவது அறமாயிற்று. தமிழகத்துச் சமணம் பெரிதும் பின்பற்றிய திகம்பர மரபில் முனிவர் கைக்கொள்ளும் 28 மூலகுணங்களுள் நீராடாமையும் ஒன்று. பருகுவதற்கும் கைகால் கழுவுவதற்கும் வேண்டிய அளவு மட்டுமே நீரைத் தொடும் நோன்புடையோர் இச்சுனையின் கரையில் வாழ்ந்தனர் என்பதை மனத்திற்கொண்டு பார்த்தால்தான் இடத்தின் பொருள் விளங்கும்.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு முதல் இப்பள்ளி பகவதி கோயிலாக மாறியது. வழிபாடு மாறியபோதும் பாறைச் சிற்பங்கள் சிதைக்கப்படவில்லை என்பது போற்றத்தக்கது. சமணமும் இப்பகுதியிலிருந்து உடனே மறைந்துவிடவில்லை. நாகர்கோவில் நாகராஜர் கோயிலின் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்களைக் குறிக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை சிதறால் அடங்கிய விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்ததால், இவ்வூர்க் கல்வெட்டுகள் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவின் முயற்சியால் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அச்சேறின. இன்று இம்மலைப் பள்ளி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

சிதறாலுக்கு வருவோர் பெரும்பாலும் அதே நாளில் திற்பரப்புக்கும் செல்கின்றனர். கோதையாறு அருவியாக விழும் அங்குள்ள மகாதேவர் கோயில், சிவராத்திரியையொட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களுள் ஒன்று. ஓடும் அடியவர் ஒவ்வொரு கோயிலிலும் நீராடியே வழிபடுகின்றனர். நீராடுதலே வழிபாடான தலமும் நீராடாமையே நோன்பான மலையும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது அரிய பேறு. ஆகவே குளிக்க விரும்புவோர் திற்பரப்பில் குளிக்கட்டும். திருச்சாரணத்து மலையின் சுனையில் இறங்காமலும் குப்பை எறியாமலும், சிற்பங்களுக்குத் தரும் அதே மதிப்பை அந்த நீருக்கும் தர வேண்டும்.