புகைபோக்கியின் உட்பூச்சு

குளிர்மிக்க இங்கிலாந்தில் பன்னெடுங்காலமாக வீடுகளுக்கு வெப்பம் தந்தது கணப்பு. அதன் புகையைக் கூரைக்கு மேல் செலுத்தியது செங்கற் புகைபோக்கி. கொத்தர்கள் அதன் உட்புறத்தைச் சுண்ணாம்புச் சாந்தில் மாட்டுச்சாணம் கலந்து பூசினர். தீயும் நச்சுப் புகையும் சுவரைக் கடவாமல் காத்தது அப்பூச்சே.

அதற்குப் பகையாய் வந்தது நிலக்கரி. அதன் புகையிலுள்ள கந்தகம் ஈரத்துடன் கூடி அமிலமாகிச் சுண்ணாம்பை அரித்தது. படிந்த கரி தடித்தால் தீப்பற்றும். ஆகவே அதனைச் சுரண்டி அகற்ற, ஒடுங்கிய அவ்வழியில் ஏழைச் சிறுவர்களை ஏற்றினர். பலர் மூச்சடைத்து மாண்டனர். அத்தொழிலாளரைப் பின்னாளில் பற்றிய ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என 1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். 1840ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர் ஏறுவதைத் தடுத்தும் வழக்கம் ஒழியவில்லை. 1875இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கியுள் சிக்கி உயிர்நீத்தான். அவ்வாண்டே ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், துப்புரவாளர் உரிமம் பெறவேண்டும் என்ற சட்டம் பிறந்தது. அதன்பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது.

1966 முதல் புதிய புகைபோக்கிகளுக்குச் சுடுமண் குழாய் போன்ற உட்காப்பு விதியாயிற்று. இணைப்பில் ஈரம் வெளியே கசியாதிருக்க, குழாயின் அகன்ற வாய் மேல்நோக்கியே இருத்தல் வேண்டும்.

பழைய வீடுகளில் பூச்சுச் சிதைந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு படுக்கையறைக்குள் புகுந்து உறங்குவோரைக் கொல்லக்கூடும். கணப்பில் உதிரும் சாந்தும் மாடிச் சுவரில் தோன்றும் கறையும் அதன் அறிகுறிகள். உலர்ந்த விறகையே எரித்தல், ஆண்டுக்கொரு முறையேனும் துப்புரவு செய்தல், ஐயம் எழுந்தால் தொழிலறிந்தவரைக்கொண்டு புகைச்சோதனை நடத்துதல் ஆகியவை இல்லத்தார் கடமை. கண்ணுக்குப் புலப்படாதது என்று அப்பூச்சைப் புறக்கணித்தல் ஆகாது.